ஏழு வினாடி நாகரிகம்

நெருப்பு, சக்கரம் ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடியாக மனித இனம் கண்ட மூன்றாவது பெரிய முன்னேற்றம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒருவன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் யாரென்றே தெரியாமல் போய்விட்டது. அந்தத் தவறு மறுபடி நடந்துவிடக் கூடாது என்பதற்காக, டப்பாவைக் கழுவியவன் ஈரக்கையைத் துடைப்பதற்கு முன்பே அலுவலகத்தில் இருந்த பத்துப் பேரிடமும் தானே போய்ச் சொல்லிவிட்டான்.

அலுவலகத்தில் அவனுக்கு மேதை என்று பெயர். கிண்டலுக்கு வைத்தோம் என்பது மற்றவர்கள் கருத்து. வைத்தது சரிதான் என்பது அவன் கருத்து.

மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கைபேசி தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில். இரண்டு ஏசி உண்டு. ஒன்று குளிரும், ஒன்று சத்தம் போடும். மேதைக்குக் கொடுத்திருந்த வேலை எழுத்து அழைப்பு.

காது கேட்காதவர்களும் பேச முடியாதவர்களும் சாதாரண போன் எண்ணுக்கே அழைப்பதற்கு ஏற்பட்டது அது. மணி அடிக்கும், எதிர்முனையில் எடுப்பார்கள், பேச்சுக்குப் பதிலாக எழுத்து ஓடும். குறுஞ்செய்தி போல எழுதி முடித்துவிட்டு அனுப்புகிற சமாசாரம் அல்ல. 'அனுப்பு' என்ற பொத்தானே கிடையாது. இங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் அங்கே அந்த எழுத்து தெரியும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

இதற்கென்று ஒரு பொதுத் தரநிலை இருந்தது. கல்யாண வீட்டில் எதிரெதிரே பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற பதினான்கு போட்டி நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, மூன்று வருடம் சண்டை போட்டு, நூற்று நாற்பத்திரண்டு பக்கங்களுக்கு ஒப்புக்கொண்ட விஷயம். யாருடைய போனிலிருந்து யாருடைய போனுக்கு அழைத்தாலும் எழுத்து ஓட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அறுபத்தோராம் பக்கத்தில், தட்டிய எழுத்து ஒரு வினாடிக்குள் எதிர்முனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டிருந்தது.

மேதைக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. பிடித்தவர் ஒருவர் இருந்தார். எழுதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற மேடம். தரநிலையைச் சுருள்கம்பி போட்டு பைண்டு செய்து, ஓரம் முழுக்க வண்ணச் சீட்டுகள் ஒட்டி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவார். எதைக் கேட்டாலும் பக்க எண்ணைச் சொல்வதால் பக்கம் மேடம் என்று பெயர்.

அன்று மதியம் மேதை அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"மேடம், மனுஷன் பேசுறதுக்கு முன்னாடி யோசிக்கிறானா இல்லையா?"

"சில பேர் யோசிக்கிறாங்க."

"யோசிக்கிறதை வெளிய காட்டுறானா? இங்க பாருங்க, தப்பா அடிக்கிறது, அழிக்கிறது, திரும்ப அடிக்கிறது, அத்தனையும் எதிர்ல இருக்கறவனுக்குத் தெரியுது. கதவைத் திறந்து போட்டுட்டுக் குளிக்கிற மாதிரி இருக்கு."

"அறுபத்தோராம் பக்கம்."

"அந்தப் பக்கத்தை எழுதினவங்க வீட்ல கதவே இருந்திருக்காது."

அவன் கண்டுபிடித்தது இதுதான்: எழுதுகிறவர் விரல் ஏழு வினாடி ஓயும்வரை மென்பொருள் எதையும் அனுப்பாது. ஓய்ந்ததும், எழுதியதை எல்லாம் கூட்டிப் பெருக்கி, பிழை திருத்தி, குளித்து முழுகித் தலை வாரிய வாக்கியமாக எதிர்முனைக்கு அனுப்பும். ஏழு வினாடி நாகரிகம் என்று அதற்குப் பெயர் வைத்தான். ஏன் ஏழு என்று யாரோ கேட்டதற்கு, "ஆறு அவசரம், எட்டு அலட்சியம்" என்றான். இதற்கு மேல் விளக்கம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

டீ நேரத்தில் நாடகமும் நடந்தது. மேதை பக்கம் மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றை விரலை உயர்த்தி, கோழி கொத்துவதைப் போல மேசையைக் கொத்தினான். "வ... ண... அய்யய்யோ... அழி, அழி... வ... ணா... அய்யய்யோ..." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கம் மேடமும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அறுபத்தோராம் பக்கம்" என்றார்.

முதலாளியின் அறையிலிருந்து கடைசியாக வெளியே வருகிறவர் சொல்வதைத்தான் முதலாளி செய்வார். மேதைக்கு அது தெரியும். மேடம் வெளியே வரும்வரை வாசலில் நின்றுவிட்டு அப்புறம் உள்ளே போனான். அடுத்த வாரம் மூவாயிரம் போன்களில் ஏழு வினாடி நாகரிகம், சோதனைப் பதிப்பு என்ற பெயரில், ஏறியது.

வீட்டில் மேதைக்கு ஒரு அக்கா. அவனைவிட இரண்டு வயது பெரியவள். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் ஒன்று காதைக் கொண்டுபோய்விட்டது. பேச்சை விட்டுவிட்டுப் போனது. தன் குரல் தனக்குக் கேட்காது என்பதால் எப்போதும் ஒரு படி உயரத்தில்தான் பேசுவாள். அந்த வீட்டில் ரகசியம் என்று எதுவும் தங்காததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், உதட்டைப் பார்த்தே அவள் எல்லாவற்றையும் படித்துவிடுவாள். மேதை மனசுக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு முணுமுணுப்பதைக்கூட.

நடுவழியில் வண்டி நின்றுபோனால் போன் செய்து ஆள் கேட்கிற பழுது உதவி மையம் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். ஆறு வருடமாக ஜன்னல் இல்லாத பின்னறையில் பழைய ரசீதுகளை ஸ்கேன் செய்கிற வேலை. எழுத்து அழைப்பு வந்த பிறகு, முன்கூடத்தில் தனக்கு ஒரு இருக்கை வேண்டும், எழுத்தில் வருகிற அழைப்புகளை எல்லாம் தானே எடுக்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் எட்டு மாதம் மன்றாடி, அப்புறம் இரண்டு மாதம் சண்டை போட்டு, கடைசியில் வாங்கிவிட்டாள். பதினைந்து நாள் பார்ப்போம் என்றார் அவர். யாரையும் நடுரோட்டில் விடாமல் பதினைந்து நாள் ஓட்டினால் இருக்கை நிரந்தரம். இல்லையென்றால் எழுத்து இருக்கையை எடுத்துவிடுவார்கள். அவள் பின்னறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் வாரம் அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"டேய், இன்னைக்கு ஒருத்தர், 'என் பொண்டா'ன்னு அடிக்கிறார். டக்குனு அழிக்கிறார். 'என் துணைவியார் சாவியை உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க'ன்னு அடிக்கிறார். அந்தம்மா பக்கத்துல வந்து எட்டிப் பார்த்திருக்காங்க!"

மேதை சிரிக்கவில்லை. "அது அந்த ஆளுக்கு அவமானம் இல்லையா?"

"இதுல என்னடா அவமானம்? உங்களுக்கெல்லாம் இது தினம் கிடைக்குது. ஒருத்தர் இழுக்கிறது, தடுமாறுறது, சொல்ல வந்ததை முழுங்குறது. எனக்கு இத்தனை வருஷமா எல்லாரும் முடிவு பண்ணதைத்தான் எழுதிக் காட்டுறாங்க. முடிவு பண்றதை இப்பதான் பாக்குறேன்." தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறம் நடுவுல புகுந்து பேசலாம்டா! ஒருத்தர் வண்டியோட ஜாதகமே எழுத ஆரம்பிச்சார். எந்த வருஷம் வாங்கினது, யார்கிட்ட வாங்கினது. நான் பாதியிலயே 'புகை வருதா?'ன்னு கேட்டேன். 'வருது'ன்னார். 'முதல்ல இறங்குங்க'ன்னேன். குறுஞ்செய்தியா இருந்தா அவர் ஜாதகத்தை முடிக்கிறதுக்குள்ள வண்டி எரிஞ்சிருக்கும்."

மேதை தன் கண்டுபிடிப்பை அவளுக்கு விளக்கினான். உதடு தெளிவாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்தி, பாடம் நடத்துகிற மாதிரி.

"இதை யார் கேட்டா?" என்றாள் அக்கா.

"நாகரிகத்தை யாரும் கேட்டு வாங்குறதில்ல."

"சரி. உன் நாகரிகத்தை என் சீட்டுப் பக்கம் கொண்டு வராத."

"உன் சீட்டுல இருக்கறது வேற கம்பெனி மெஷின். அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றவன், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு, "புரியாத ஜென்மம்" என்று முணுமுணுத்தான்.

"புரியுது. அடுத்த தடவை முழுசாத் திரும்பிக்கிட்டுத் திட்டு."

ஒன்பதாம் நாள், புதன்கிழமை, அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, வரிசையாக வைத்து, கை கால் கழுவி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி அதற்கு முன் நிலவியதில்லை. மேதை போய் எதிரில் உட்கார்ந்தான்.

"மூணு பேர் புகார் குடுத்திருக்காங்கடா. நான் லைனை கட் பண்ணிட்டேனாம். ஒரு அம்மா, கைக்குழந்தையோட, பாலத்து மேல ஒரு மணி நேரம் நின்னிருக்காங்க."

"கட் பண்ணியா?"

"பண்ணேன். வெறும் திரைடா. ஒரு எழுத்து வரல. நாற்பது வினாடி ஒண்ணும் வரலன்னா விட்டுட்டு அடுத்ததை எடுக்கணும், அதான் அங்க விதி. பைக்குள்ள போன் தானா அமுங்கி ஒரு நாளைக்கு முப்பது அழைப்பு வருது, எல்லாத்துக்கும் காத்துட்டு இருக்க முடியுமா? ரெண்டு தடவை கேட்டேன். 'யாராவது இருக்கீங்களா?' 'இருந்தா ஏதாவது ஒரு எழுத்து தட்டுங்க.' ஒண்ணும் வரல. ஆனா அந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, 'நான் நிறுத்தாம எழுதிக்கிட்டே இருந்தேன், நீங்க கேக்கக் கேக்க இன்னும் வேகமா எழுதினேன்'ங்கிறாங்க."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேற்பார்வையாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அழைப்புகளை அவள் எப்படி எடுக்கிறாள் என்று பார்ப்பார். அதற்குள் அந்த மூன்று அழைப்புகளுக்கும் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அன்று மதியமே பின்னறை.

அக்கா கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மையத்தின் கணினி அச்சடித்துத் தந்த அழைப்புப் பட்டியல். "நீ மேதையாச்சே. பாரு."

மேதை நிமிர்ந்து உட்கார்ந்தான். தாளைப் பிரிப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டான். "இதுல பார்க்க என்ன இருக்கு? ஏதோ உருப்படாத கம்பெனியோட போனா இருக்கும். எவனோ தரநிலையை ஒழுங்காப் படிக்காம, பெரிய புத்திசாலின்னு நினைச்சுக் கை வச்சிருப்பான். நாலு பேர் ஒத்துக்கிட்ட விஷயத்துல ஒருத்தன் மட்டும்..."

அதற்குள் தாள் பிரிந்துவிட்டது. நேரம், எவ்வளவு நேரம் இணைப்பில் இருந்தது, போனின் மாடல், மென்பொருள் பதிப்பு என்று நான்கு பத்திகள். பையில் அமுங்கி வந்தவை போக, அன்றைக்கு வந்த மற்ற நாற்பத்தாறு அழைப்புகள் ஒன்பது வகை போன்களிலிருந்து வந்திருந்தன. எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தன. அக்கா பேனாவால் வட்டம் போட்டிருந்த மூன்றும் ஒரே மாடல், ஒரே பதிப்பு. அந்தப் பதிப்பு எண்ணின் கடைசியில் ஒரு ஏழு. அதிர்ஷ்டமாக இருக்கட்டும் என்று அவனே கேட்டு வாங்கிப் போட்ட ஏழு.

"என்னடா?" என்றாள் அக்கா.

மேதை எழுந்து, சுவரைப் பார்த்து முழுசாகத் திரும்பிக்கொண்டு, ஏதோ சொன்னான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி, "நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு அவன் வந்தபோது கதவே திறக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான். சாவியோடு வந்த பக்கம் மேடம் அவனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, உடம்புக்கு ஏதாவது?"

"மேடம், ஒரு சோதனை பண்ணணும். நான் நடுரோட்ல நிக்கிறேன். நீங்க உதவி மையம், நாற்பது வினாடி எழுத்து வரலன்னா கட் பண்ணிடணும். பாலத்து மேல நின்ன ஒரு அம்மாவுக்கு அப்படி ஆகியிருக்கு."

இரண்டு போன்கள் எடுத்தார்கள். மேடத்திடம் வேறு கம்பெனி போன். மேதையிடம் தன் சொந்தப் படைப்பு. அவன் அழைத்தான், மேடம் எடுத்தார், நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினார். மேதை நடுரோட்டில் நிற்பவன் எழுதுகிற மாதிரி எழுத ஆரம்பித்தான். பாலத்து மேல நிக்கிறேன் வண்டி ஓடல பின்னாடி லாரி வருது குழந்தை அழுது சீக்கிரம். நிறுத்தாமல் எழுதினான். பாலத்தின் மேல் நிற்கிற யாரும் ஏழு வினாடி விரலை ஓய வைத்துத் தன் வாக்கிய அமைப்பை ரசிப்பதில்லை என்பது எழுதும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் திரையில் மேடத்தின் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. யாராவது இருக்கீங்களா?

"இருக்கேன் மேடம்!"

"வாயால சொல்லாதீங்க தம்பி. எனக்குக் காது கேக்காது."

இருக்கேன் இருக்கேன் இருக்கேன் என்று தட்டினான். மேடம் தன் போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது திரை.

"முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது." மேடம் இணைப்பைத் துண்டித்தார். "லாரி வந்துடுச்சு."

மேதை காலியான அந்தத் திரையை விரலால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தான்.

"நீங்க ஏன் மேடம் முன்னாடியே இப்படிச் சொல்லல?"

"பதினாறு தடவை சொன்னேன். பதினாறாவது தடவை நீங்க என்னை மாதிரி நடிச்சுக் காட்டினீங்க. நல்லாத்தான் இருந்துது."

"வெறும் பக்க நம்பர்தானே சொன்னீங்க. காரணம் சொல்லலையே."

மேடம் யோசித்தார். "அதுவும் சரிதான். எனக்கே காரணம் தெரியாது தம்பி, அதுல போடல. ஆனா அந்த ஒரு வினாடிக்காக மட்டும் ஏழு மாசம் சண்டை நடந்ததாம். யாரோ ஒருத்தர் மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்னு உட்கார்ந்திருக்கணும். உங்க பாலத்து அம்மா மாதிரி யாரையோ அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

பாலத்து அம்மாவின் அழைப்பை எடுத்தது யார் என்று மேதை அப்போதுதான் அவரிடம் சொன்னான். மேடம் காய்கறி வாங்கப் போகிற கூடை ஒன்றை மேசைக்கு அடியிலிருந்து இழுத்தார். உள்ளே பதினொரு போன்கள். பதினொன்றும் பதினொரு கம்பெனி.

"எடுக்கிறதை எடுங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்துடலாம். வெறுமனே எடுத்துட்டேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

நாகரிகத்தை எழுத அவனுக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது. எடுக்க நான்கு நிமிடம் ஆனது. சோதிக்க மதியம் வரை ஆனது. போட்டிக் கம்பெனிகளின் போன்கள் எல்லாம் ஒரே மேசையில் அணிவகுத்துப் படுத்திருக்க, மேதை தன் போனில் 'அ' என்று தட்டினான். பக்கத்துப் போனில் 'அ'. அழித்தான், அங்கேயும் போனது. அடுத்த போன். அதற்கடுத்தது. விலை குறைந்தது, உயர்ந்தது, திரை கீறியது, எல்லாவற்றிலும் கண் இமைப்பதற்குள் 'அ'. அவன் இதுவரை பார்த்திராத, அவன் பெயரைக் கேள்விப்பட்டிராத யார் யாரோ, எங்கெங்கோ உட்கார்ந்து, அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தபடியே செய்து வைத்திருந்தார்கள். பதினொன்றாவது போனிலும் எழுத்து விழுந்தபோது அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முதலாளியின் அறைக்குள் இருவரும் சேர்ந்தே போனார்கள். மேதை முதலில் வெளியே வந்துவிட்டான். மேடம் கடைசியாக வந்தார். மாலை ஐந்து மணிக்கு மூவாயிரம் போன்களுக்கும் புதிய பதிப்பு போனது. மூன்று அழைப்புகளுக்கும் எங்கள் மென்பொருளே காரணம் என்று பழுது உதவி மையத்துக்குக் கடிதம் தயாரானது. ஆனால் அதில் கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி அதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். கடிதம் கைக்கு வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அன்று இரவும் அக்காவிடம் மேதை வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் முதலாளி பத்தரைக்குத்தான் வந்தார். கையெழுத்தான கடிதம் கிளம்பும்போது மணி பத்து ஐம்பது. மையம் ஊரின் மறு கோடி. கடிதம் கொண்டு போகிறவர் எவ்வளவு வேகமாகப் போனாலும் முக்கால் மணி நேரம்.

மேதை படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து மேற்பார்வையாளரின் எண்ணுக்கு அழைத்தான். அவர் இருக்கையில் இல்லை, காத்திருக்கவும் என்றது ஒரு இனிமையான பெண் குரல். அவர் எங்கே நிற்கிறார் என்று மேதைக்குத் தெரியும். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால். அவர் கண் எங்கே இருக்கும் என்பதும் தெரியும். அந்தத் திரைக்குள் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவன் எழுத்து அழைப்பைத் தேர்ந்தெடுத்து, மையத்தின் எண்ணைத் தட்டினான்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

வண்டி பழுது உதவி மையம். உங்க வண்டி எங்க நிக்குது? என்று எழுத்து ஓடி வந்தது.

வண்டி இல்ல, என்று ஒற்றை விரலால் தட்டினான். நான் போனுக்கு மென்பொருள் எழுதுறவன். அண்மையில் மூன்று அழைப்புகள் துண்டிக்கப்பட்டது தொடர்பாக, தவிர்க்க இயலாத ஒரு சிறு தொழில்நுட்பக் கோளா

விரல் நின்றது. எழுதியதைப் பார்த்தான். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. அக்காவும், அவள் தோளுக்கு மேலே அந்த மனிதரும் இந்த நிமிடம் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அழித்தான். கோளா போனது. தொழில்நுட்பம் எழுத்தெழுத்தாகப் போனது. சிறு போனது. தவிர்க்க இயலாத என்பது நீளமான சொல். அது போக நேரம் எடுத்தது. அழிவதை எல்லாம் அங்கே இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தே அழித்தான்.

தப்பு போன்ல, என்று எழுதினான். போன்ல அதை வச்சது நான். எல்லாரும் வேண்டாம்னு சொ, என்று வந்ததும் அதை அழித்தான். ரெண்டு பேர் வேண்டாம்னு சொன்னாங்க. நான் கேக்கல. அவங்க எழுதினது எதுவும் உங்க திரைக்கு வந்திருக்காது. திரை காலியா இருந்துதுன்னு நீங்க சொன்னது உண்

இருங்க. அவன் முடிப்பதற்குள் எதிர்முனை புகுந்தது. எங்க மேற்பார்வையாளர் கேக்குறார். இப்ப சரியாகிடுச்சா?

பிறந்ததிலிருந்து அக்கா அவனுக்கு 'ங்க' போட்டதில்லை.

நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லா போனுக்கும் போயிடுச்சு. பதினொரு கம்பெனி போன்ல சோதிச்சாச்சு. கடிதம் வந்துட்டு இருக்கு. இப்ப நான் பேசுறதும் அந்த மாடல் போன்லதான், எழுத்து எழுத்தா வருதுல்ல?

வருது. அழிக்கிறதும் வருது.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மெத்தைக் கடையில் யாரோ எதையோ அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். மேதை மன் என்று தட்டி, அழித்து, மன்னி என்று தட்டினான்.

அதெல்லாம் வீட்ல, என்று வந்தது. மறுபடி வெறுமை. பிறகு, சார் அவர் ரூமுக்குப் போயிட்டார். என்னை

மேதை போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

என்னை ப

என்னை பழை

என்னை பழைய ரூ

அவன் எழுந்து நின்றுவிட்டான். படியில் மேலே வந்துகொண்டிருந்த பக்கம் மேடம் சுவரோரம் ஒதுங்கினார். திரையில் ரூ அழிந்தது. ய அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் அழிந்தது. தெரியாமல் அடித்துவிட்டதை யாரும் அவ்வளவு நிதானமாக அழிப்பதில்லை.

என்னை இங்கயே உட்காரச் சொல்லிட்டார். பதினைஞ்சு நாள் ஆகணும்னு இல்ல, இப்பவே நிரந்தரம். பயந்தியாடா?

மேதை எதையோ எழுத ஆரம்பித்தான்.

சரி சரி, வைங்க. யாருக்கோ வண்டி நிக்குது, அடுத்த அழைப்பு வருது.

சரு, என்று தட்டினான். நின்றான். கண்ணைச் சுருக்கி, ஒரே விரலால், ரு-வை அழித்தான். ரி-யைத் தேடிப் பிடித்துத் தட்டினான்.